உள்ளே இருப்பவர்களின் பட்டியல்

ரத்தினத்தைச் சென்னியப்பன் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் தாராபுரம் பஸ்ஸின் பின்படியில் ஒரு காலும் உடுமலை பஸ் ஸ்டாண்டின் தரையில் ஒரு காலுமாக நின்று கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பைக்குள் இருந்த ஏழு தேங்காய்க்கும் லக்கேஜ் போட்டே தீருவேன் என்று கண்டக்டர் நிற்க, "போடுங்க, வேண்டாங்கல, டிக்கெட்டுப் போட்டா சீட்டும் குடுக்கோணுமில்ல, ஏழையும் ஜன்னலோரமா உக்கார வெச்சு வேடிக்கை காட்டிக் கூட்டிட்டுப் போறேன்" என்று இவள் சொல்ல, உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், கண்டக்டரும் சிரித்துவிட்டார், சிரித்த கண்டக்டர் எங்கே லக்கேஜ் போடுவார், விசில் ஊதினார், பஸ் நகர்ந்தது. அவள் ஜெயித்திருந்தாள். ஜெயித்த மும்முரத்தில் புருஷன் என்று ஒருத்தர் பிளாட்பாரத்தில் நிற்பது மறந்துவிட்டது, திரும்பிப் பார்க்கவில்லை, தேங்காய்ப் பையை யாருடைய மடிக்கோ தாண்டிக் கொடுத்தபடி உள்ளே போனாள். அவளுடைய அக்கா பேத்திக்குக் காதுகுத்து. மூன்றாம் நாள் காலையில், காதுகுத்து முடிந்த அசதியில் படுத்தவள் எழவில்லை என்று போன் வந்தது. வலி என்றோ தண்ணீர் வேண்டும் என்றோ யாரையும் கூப்பிடவில்லையாம். சென்னியப்பன் இதை நான்கு வருடமாக எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்துவிட்டார், எப்படி நினைத்தாலும் கடைசியில் அந்த ஏழு தேங்காய்தான் வந்து முன்னால் நிற்கும், வந்ததும் சிரிப்பும் வரும், சிரிப்பு வந்ததும் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்வார்.

இப்போது பக்கத்தில் பிலோமினா இருந்தாள். அவளுடைய மேசைக்குப் பின்னால், ஆய்வறைச் சுவரோரம், கையில் ஒரு பித்தளை மூடியோடு அவர் குந்தியிருந்தார். "என்னண்ணா தனியாச் சிரிக்கிறீங்க, கேபிள் ஜோக்கு சொல்லுதா?" என்றாள் அவள், குடுவையிலிருந்து கண்ணை எடுக்காமல். ஒன்றுமில்லை என்று மூடியை ஆட்டிக் காட்டினார். காலை பத்தேகால். ஒன்பதரைக்கு மண் பரிசோதனை நிலையத்தின் ஒன்பது கம்ப்யூட்டரும் ஒரே மூச்சில் நின்றுபோயிருந்தன. அந்தக் காலத்துக் கேபிள் அப்படி, ஒன்பதும் ஒரே கறுப்பு வயரில் கோத்தவை, சுவரோரமாகவே ஓடி ஒவ்வொரு மேசையிலும் ஒரு மூட்டுப் போட்டு அடுத்த மேசைக்குப் போகும், இரண்டு முனையிலும் ஒவ்வொரு பித்தளை மூடி, இடையில் எங்கே ஒரு மூட்டு இளகினாலும் ஒன்பதும் சேர்ந்து படுத்துக்கொள்ளும். எந்த மூட்டு என்று அதுவாகச் சொல்லாது. பாதி வழியில் வயரைப் பிரித்து, கையில் இருக்கும் உபரி மூடியைப் போட்டு, இந்தப் பக்கம் உயிர் வருகிறதா என்று பார்க்க வேண்டும், வந்தால் கோளாறு அந்தப் பக்கம், பிறகு அதில் பாதி. இதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவர் இங்கே வேலைக்குச் சேர்ந்தது மண் சலிக்க. விவசாயிகள் துணிப்பையில் கட்டிக்கொண்டு வரும் மண்ணை நிழலில் உலர்த்தி, கட்டி உடைத்து, சல்லடையில் சலித்து ஆய்வறைக்குக் கொடுக்க வேண்டும். கோயமுத்தூரிலிருந்து இன்ஜினியர் வந்து வயர் இழுத்தபோது ஏணி பிடித்தவர் அவர்தான், இன்ஜினியர் விட்டுப்போன ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு ஒன்றரை வருடம் படித்தவரும் அவர்தான், அதற்கப்புறம் யார் உள்ளே வரலாம், யாருக்கு எந்தக் கோப்பு என்பதெல்லாம் அவர் கைக்கு வந்துவிட்டது. மூடியைப் போட்டார். "வந்துருச்சா?" "இங்க வந்துருச்சுங்ண்ணா." அப்படியானால் கோளாறு முன்பக்கம், கவுண்டரை நோக்கி. நல்லது. மூட்டு இளகியிருந்தால் முறுக்கிவிடலாம், வயர் போயிருந்தால் மாற்றிவிடலாம், இதெல்லாம் அவருக்குச் சந்தோஷமான வேலை, முழங்கால் மட்டும் கொஞ்சம் முனகும். சட்டைப்பையில் இருக்கும் தாள்தான் சந்தோஷமில்லாதது. குனியும்போதெல்லாம் அது நெஞ்சில் மொடமொடவென்று குத்தியது.

அந்தத் தாள் தலைமை அலுவலகத்திலிருந்து முந்தாநாள் வந்தது. நிலையத்தின் கம்ப்யூட்டரில் யார் யாருக்குப் பெயர் இருக்கிறது என்று எழுதி, வேலையில் இல்லாத ஒருவருக்கும் பெயர் இல்லை என உறுதி கூறுகிறேன் என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டு, இன்று பன்னிரண்டு மணிக்குள் பேக்ஸ் பண்ண வேண்டும். மேலாளர் வரதராஜுலு காலையிலிருந்து இரண்டு தடவை நினைவுபடுத்திவிட்டார். பெயர்கள் பன்னிரண்டு. வேலையில் இருப்பவர்கள் பதினொருவர். பன்னிரண்டாவது ரத்தினம். கவுண்டரில் உட்கார்ந்து மண் விவரம் பதிந்துகொண்டிருந்தவள், அவளை எடுக்காமலே வைத்திருந்தார், நான்கு வருடமாக. வைத்திருந்தார் என்றுகூடச் சொல்ல முடியாது, அந்த இடத்துக்கே போவதில்லை. பட்டியலைத் திறந்தால் அவள் பெயர் வரும் இடத்துக்கு முன்பே கீழ்நோக்கிய அம்பை மூன்று தடவை வேகமாகத் தட்டிவிடுவார், விரலுக்கே பழகிவிட்டது. பெயரைத் திறந்தால் கடைசியாக உள்ளே வந்த நாள் என்று ஒரு வரி வரும், அதில் அவள் ஊருக்குப் போன நாளுக்கு முந்தின நாள் இருக்கும், அது அங்கேயே நின்றுகொண்டிருக்கும், அதைப் பார்க்க வேண்டாம். உள்ளே இருப்பவர்கள் பட்டியல் என்று இன்னொன்று உண்டு, இந்த நிமிடம் யார் எந்த மேசையில் வேலை செய்கிறார்கள் என்று காட்டும், அதையும் அவர் நான்கு வருடமாகத் திறக்கவில்லை, அதில் அவள் இல்லாததைப் பார்க்க வேண்டியிருக்குமே. திறக்காமலே வேலை ஓடியது. இன்று எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுப்பது ஒரு சாவியை அழுத்துவது, ஆமாவா என்று கேட்கும், ஆமாம் என்று இன்னொரு சாவி, அவ்வளவுதான், ஆனால் இவர் கைதானே அழுத்த வேண்டும், அங்கே தாராபுரத்தில்கூட எல்லாம் மற்றவர்கள் கைதான் செய்தது, இவர் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். எடுக்காமல் கையெழுத்துப் போட்டால் பொய். பொய் சொல்லலாம்தான். யாருக்குத் தெரியப்போகிறது, ஒரு பெயர், சோறு கேட்கிறதா, இடத்தை அடைக்கிறதா. ஆனால் அவள் இருந்திருந்தால் இந்தப் பொய்க்கு என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்தார். "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி படிங்க" என்றிருப்பாள். அதை அவள் எதற்கும் சொல்வாள், கல்யாணப் பத்திரிகைக்கும் சொல்வாள்.

உபரி மூடியைக் கழற்றி, பிரித்த வயரை மறுபடி கோத்துவிட்டு, நடுக்கூடத்தைத் தாண்டிக் கவுண்டருக்குப் பின்புறம் வந்தார். சுவருக்கும் நீள மேசைக்கும் இடையில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து, அதற்குள் இறங்கி, படுத்து, மேசைக்கடியில் தலையை விட்டார். அடியில் குளுமையாக இருந்தது, பழைய சாக்கு வாசம், ஈர மண் வாசம், யாரோ கழற்றி வைத்த செருப்பு. அந்தப் பக்கம் நசீமாவின் கால்கள் தெரிந்தன, கவுண்டரும் போனும் இப்போது அவள் பொறுப்பு, கட்டைவிரலால் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த நாற்காலியில் டைப்பிஸ்ட் கோமளவல்லி, கால் தரைக்கு எட்டாமல் ஆட்டிக்கொண்டிருப்பாள். கம்ப்யூட்டர் நின்றால் இவர்களுக்குப் பண்டிகைதான். கோமளவல்லி முறுக்குத் தின்கிற சத்தம் பலகை வழியாகக் கேட்டது. மூட்டைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததும் கொஞ்ச நேரம் புரியவில்லை. மூட்டில் ஒரு மண் பை தொங்கிக்கொண்டிருந்தது. நல்ல கனமான துணிப்பை, சணல் கயிற்றால் சுருக்குப் போட்டு, ஆணியில் மாட்டுவதுபோலக் கேபிளில் மாட்டியிருக்கிறார்கள், பை இழுத்த இழுப்பில் மூட்டு பாதி கழன்று கோணிக்கொண்டு நின்றது. பையில் சீட்டு, ஆறுச்சாமி, தென்னந்தோப்பு, வடக்குப் பக்கம். விண்ணப்பம் இல்லாமல் வந்த மண்ணாக இருக்கும், மறந்துவிடக் கூடாது என்று கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து நசீமா மாட்டியிருப்பாள். கம்ப்யூட்டர் வலையில் மண்ணைத் தொங்கவிடுகிற ஆபீஸ் உலகத்தில் வேறெங்கே இருக்கும் என்று நினைத்ததும் அவருக்கு வயிற்றில் சிரிப்புக் கிளம்பியது, படுத்த நிலையில் சிரித்தால் புரையேறும், அடக்கிக்கொண்டு சுருக்கை அவிழ்க்கப் போனார். மேலே போன் அடித்தது.

"வணக்கமுங்க, மண் பரிசோதனை" என்றாள் நசீமா. பிறகு, "ஆமாங்க, ரத்தினந்தான் பேசறேன்" என்றாள். அவர் கை சணலில் அப்படியே நின்றது. "சொல்லுங்க ஆறுச்சாமிண்ணா. சௌக்கியமுங்க. தொண்டையெல்லாம் கட்டலீங்க, என் குரலே இப்படித்தானே. உங்க மண்ணு வந்துருச்சு, பத்திரமா தொங்குது. போன வருசம் நான் எழுதியிருந்தேனே, தக்கைப்பூண்டு போட்டு மடக்கி உழச் சொல்லி, உழுதீங்களா? உழுதீங்களா! குரும்பை நிக்குதா? பாத்தீங்களா, நான் சொல்லல? அய்யோ, எனக்கு எதுக்குங்க வாழைத்தாரு, அதெல்லாம் வேண்டாங்க. வேண்டாங்கிறேன்ல. சரி, பஸ்ஸுல குடுத்தனுப்புங்க." போனை வைத்தாள். "ரத்தினக்காவுக்கு மறுபடியும் தாரு வருதுடி" என்றாள் கோமளவல்லியிடம். "இந்த வாட்டி அண்ணனுக்கு நாலு சீப்பாக் குடுத்துரலாம்" என்றாள் கோமளவல்லி, முறுக்கோடு. "போன வாட்டி ரெண்டு சீப்புக் குடுத்தோம், எந்தக் கோயில் பிரசாதம்னு கேட்டாரு, எனக்கு வாயில கோயிலே வரல, நீதான் தர்காவுலன்னு சொல்லிச் சமாளிச்ச." மேசைக்கடியில் சென்னியப்பன் மல்லாந்து படுத்திருந்தார். பழம் நினைவுக்கு வந்தது. பூவன், சின்னச் சின்னதாக, தேனாக இருந்தது. தனியாக வீட்டில் உட்கார்ந்து ஒரே சாயங்காலத்தில் பதினொன்று தின்றார். அவை ரத்தினத்துக்கு வந்த பழங்கள். முதலில் கோபம் வரும் என்று காத்திருந்தார், வரவேண்டியதுதானே, செத்தவள் பெயரில் பேசுகிறார்கள், இவருக்குத் தெரியாமல், எத்தனை நாளாக, ஊர் முழுக்கத் தெரிந்து இவருக்கு மட்டும் தெரியாமல். கோபம் வந்து எட்டிப் பார்த்தது, ஆனால் மேசைக்கடியில் இடம் இல்லாததுபோல உடனே போய்விட்டது. அதற்குப் பின்னால் ஒரு பயம் வந்தது, இந்தப் பெயரை இன்று எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று, இத்தனை நாள் தன் ஒருத்தர் வலி என்று நினைத்து அம்பைத் தட்டித் தட்டித் தாண்டிய இடத்தில் ஒரு கூட்டமே குடியிருந்திருக்கிறதே. அந்தப் பயத்துக்கும் பின்னாலிருந்து, குரும்பை நிக்குதா என்ற கேள்வி வந்தது. அது நசீமா கேட்ட கேள்வி, ஆனால் ரத்தினம் கேட்கிற மாதிரியே கேட்டாள், பதிலுக்கு முன்பே சந்தோஷப்பட்டுக்கொண்டு. குரும்பை நிற்கிறது. யாரோ ஒரு ஆறுச்சாமியின் வடக்குத் தோப்பில், அவள் பேரில் சொன்னபடி உழுததில், பிஞ்சுக் குரும்பை உதிராமல் நிற்கிறது. அவர் சிரித்தார். புரையேறியது. "எலி!" என்று கோமளவல்லி காலைத் தூக்கிக்கொண்டாள். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சணலை அவிழ்த்து, பையை நெஞ்சில் வைத்து, மூட்டைத் திருகி இறுக்கி, வந்த வழியே பின்னாலேயே நழுவி வெளியே வந்தார். ஒன்பது கம்ப்யூட்டருக்கும் உயிர் வந்த சத்தம் கேட்டது, அதாவது பேச்சு நின்ற சத்தம்.

தன் சின்ன அறைக்கு வந்து கதவைச் சாத்தி, மண் பையை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். மணி பதினொன்று. பட்டியலைத் திறந்தார். விரல் தானாக அம்பை நோக்கிப் போயிற்று, அதை மடியில் வைத்துக்கொண்டார். ரத்தினம். திறந்தார். கடைசியாக உள்ளே வந்த நாள் என்ற வரியில் இன்றைய தேதி இருந்தது, இன்றைய மணி, இரண்டு நிமிடத்துக்கு முன்பு. அவர் அந்த வரியை, அவள் எதற்கும் சொல்வாளே, அதுபோல ஒரு வாட்டி படித்தார், பிறகு இன்னொரு வாட்டி. நின்றுபோன ஒரு தேதி இருக்கும் என்று நான்கு வருடம் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய இடம் இது, தினமும் காலையில் கழுவிக் கோலம் போட்டு வைத்த வாசல் மாதிரி இருந்தது. மண் முடிவுகளின் கோப்பைத் திறந்து அவள் பெயரில் பதிந்தவற்றை மட்டும் எண்ணச் சொன்னார். அவள் போனபிறகு ஏழாயிரத்து முந்நூற்றுச் சொச்சம். உயிரோடு இருந்தபோதுகூட நான்கு வருடத்தில் இவ்வளவு செய்ததில்லை, பாதி நேரம் பேச்சுதான். ஒவ்வொரு முடிவுத் தாளின் அடியிலும் பதிவு செய்தவர் ரத்தினம் என்று அச்சாகி, ஏழாயிரம் வீட்டுக்குப் போயிருக்கிறது. ஏன் அவள் பெயர், ஏன் அவரவர் பெயரில் வரவில்லை என்று கேட்டுக்கொண்டபோதே பதிலும் தெரிந்தது, தெரிந்ததும் வெட்கமாக இருந்தது. நாற்பது நாள். அவர் போட்ட விதி. நாற்பது நாளைக்கு ஒருமுறை எல்லோரும் ரகசியச் சொல்லை மாற்றியே ஆக வேண்டும், பழைய சொல்லை மறுபடி வைக்கக் கூடாது, மூன்று தடவை தப்பாக அடித்தால் கதவு பூட்டிக்கொள்ளும், பிறகு இவர் அறைக்கு வந்து கேட்டால்தான் திறப்பார். ரத்தினத்துக்கு மட்டும் அந்த விதி கிடையாது, எத்தனை மேசையில் வேண்டுமானாலும் உட்காரலாம், சொல்லை மாற்றவே வேண்டாம், ஏனென்றால் முதல் நாற்பதாம் நாளே அவள் ராத்திரிச் சாப்பாட்டில் உப்பில்லாமல் பதில் சொல்லிவிட்டாள். அவள் சொல் கொள்ளுப்பருப்பு. அதைக் கவுண்டரிலிருந்து ஆய்வறைக்குக் கேட்கிறமாதிரி கத்தித்தான் எல்லோருக்கும் சொல்லியிருந்தாள்.

உள்ளே இருப்பவர்கள் பட்டியலைத் திறந்தார். கவுண்டர், ரத்தினம். டைப்பிங், ரத்தினம். ஆய்வறை, ரத்தினம். பிலோமினாவும்! நான்காவதாக இன்னொரு ரத்தினம் இருந்தாள், அது மேலாளர் அறை. சென்னியப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மேலாளர் அறைதான். பன்னிரண்டு மணி, பன்னிரண்டு மணி என்று விரட்டுகிற மனுஷன். அவருக்குள் ஏதோ ஒன்று முறுக்கவிழ்ந்து லேசாயிற்று, சின்ன வயதில் வாய்க்காலில் குதிக்கும் முன்பு வருமே அந்த மாதிரி. எழுந்து போய்க் கேட்கலாம், கூப்பிட்டுக் கேட்கலாம். அதற்குப் பதில் வேறொன்று செய்தார். இங்கிருந்து ஒருவர் பெயருக்குச் செய்தி அனுப்பலாம், அவர் திரையின் கடைசி வரியில் போய் நிற்கும், ஒரு சின்ன மணி அடிக்கும். பதினொரு மணிக்கு ரத்தினத்துக்கு அவர் தினமும் அனுப்பியது ஒரே ஒரு சொல்தான். அதை அடித்தார். டீ? பெயர் கேட்டது, ரத்தினம் என்று அடித்து அனுப்பினார். சுவருக்கு அந்தப் பக்கம் நான்கு இடத்தில் ஒரே நேரத்தில் மணி அடித்தது.

பிறகு ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு மூன்று பேர் கதவருகே நின்றார்கள், யார் முதலில் என்று ஒருத்தியை ஒருத்தி தள்ளிக்கொண்டு. "அண்ணா" என்றாள் நசீமா. பிலோமினாதான் சொன்னாள், "நாங்க தப்பா நெனைச்சுச் செய்யலீங்ண்ணா. அக்கா போன புதுசுல எனக்குப் பூட்டிக்கிச்சு. கதவுகிட்ட வந்து பார்த்தேன், நீங்க ஜன்னலைப் பார்த்து உக்காந்திருந்தீங்க. தட்ட மனசு வரல. அக்கா பேருல போயிட்டேன். அப்புறம் இவங்களும்." "எனக்குச் சொல் வைக்க ஆறு படைவீடும் தீந்துபோச்சுங்ண்ணா" என்றாள் கோமளவல்லி. "பழனியில ஆரம்பிச்சேன், பழமுதிர்ச்சோலையோட முடிஞ்சுது, ஏழாவது படைவீட்டுக்கு நான் எங்க போவேன்? முருகனுக்கே இல்லை." அவர்களுக்குப் பின்னால் வரதராஜுலு வந்து நின்றார், தொண்டையைச் செருமினார். "எனக்குப் போன மாசம்தான் பூட்டுச்சு, சென்னியப்பன். மேலாளரே வந்து கேட்டா நல்லாருக்காதேன்னு..." "கொள்ளுப்பருப்பு உங்களுக்கு யாருங்க சார் சொன்னா?" என்றார் சென்னியப்பன். "ரத்தினம்மாவே சொன்னாங்க. நான் வேலைக்குச் சேந்த அன்னிக்கே." எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் சிரிக்கிறார் என்று புரிய அவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று, வாய்விட்டுச் சிரித்து நான்கு வருடமாகப் பார்க்காததால் இருக்கலாம். "நாற்பது நாள் எங்கிருந்து வந்துச்சு தெரியுமா" என்றார். "புஸ்தகத்துல. உதாரணத்துக்கு நாற்பது நாள்னு வெச்சுக்குவோம்னு போட்டிருந்தான். உதாரணத்துக்குங்கிற அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு மட்டும் அகராதி பார்க்காம விட்டுட்டேன். அப்படியே போட்டுட்டேன்." முதலில் நசீமாவுக்குத்தான் சிரிப்பு வந்தது, முக்காட்டுத் துணியை வாயில் வைத்துக்கொண்டும் நிற்கவில்லை. கோமளவல்லி, "அட பழனியாண்டவா, அப்போ நான் ஒரு படைவீட்டோடயே இருந்திருக்கலாமா!" என்றாள்.

டீ வந்தது. அவர் உட்கார்ந்து ஒவ்வொருவர் பெயராகத் திறந்து, நாற்பதை அழித்து, மூன்று தடவைப் பூட்டை எடுத்து, ரத்தினத்துக்கு இருந்த உரிமையெல்லாம் அவரவர்க்குக் கொடுத்தார். அவர்கள் நின்றபடியே புதுச் சொல் யோசித்தார்கள், ஒருவர் சொல்லை மற்றவர் உரக்கச் சொல்லிச் சிரித்தார்கள், இனி ரகசியம் ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டது. ஆறுச்சாமிக்கு என்ன சொல்வது என்று நசீமா கேட்டாள். "உன் பேரைச் சொல்லு. குரும்பையை உன் குரலுக்கு நிக்கச் சொல்லு" என்றார். பிறகு, நான்கு மேசையிலும் அவள் பெயரிலிருந்து வெளியே வந்துவிடச் சொன்னார். அவர்கள் போனார்கள். ஒவ்வொரு வரியாகப் பட்டியலிலிருந்து ரத்தினம் மறைந்தாள், ஆய்வறையில், டைப்பிங்கில், மேலாளர் அறையில், கடைசியாகக் கவுண்டரில், கவுண்டரில் மட்டும் கொஞ்சம் தாமதமாயிற்று, அதுவும் சரிதான், அங்கிருந்து அவள் எப்போதும் கடைசியில்தான் கிளம்புவாள். அவர் சாவியை அழுத்தினார். ஆமாவா என்று கேட்டது. ஆமாம் என்றார், வாயாலும் சொன்னார். டீ இன்னும் சூடாகத்தான் இருந்தது. சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து, மடிப்பைத் தேய்த்து, உறுதி கூறுகிறேன் என்ற வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பதினொன்றே முக்காலுக்கு வரதராஜுலு தன் கையாலேயே பேக்ஸ் பண்ணினார். பட்டியலில் மிச்சமிருந்தவை பதினொரு பெயர்கள், அன்று பதினொருவரும் வேலைக்கு வந்திருந்தார்கள்.